குளம் நிறையுமுன் இறந்தவருக்கு மீட்பு உண்டா?

தருமபுரத்தான்: எங்கள் சபைக்கு ஒழுங்காக வந்த ஒரு பெரியவர் ஞானஸ்நானம் கேட்டிருந்தார். எங்களில் அது தண்ணீரில் முழுக்கிக் கொடுப்பது. மாரி வரட்டும், குளத்தில் தண்ணீர் ஏறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். புரட்டாதியில் காலமாகிவிட்டார். அவருக்கு மீட்பு உண்டு, இல்லை என்று இப்போது சபையில் இரண்டு கட்சி. உங்கள் கருத்து என்ன?

முழங்காவில்: துக்கமான விடயம்தான். ஆனாலும் யோவான் 3:5 தெளிவாக இருக்கிறது: ‘ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்.’ மாற்கு 16:16 உம் அதையே சொல்கிறது: ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்.’

வவுனிக்குளம் ரீச்சர்: மாற்கு வசனத்தின் மறுபாதியையும் வாசியுங்கள் தம்பி. ஆக்கினை, அதாவது தண்டனை, ‘விசுவாசியாதவனுக்கு’. முழுக்குப் பெறாதவனுக்கு என்று அங்கே இல்லை. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரதீசு வாக்குப் பெற்ற கள்ளன் எந்தக் குளத்தில் இறங்கினான்?

முழங்காவில்: கள்ளனை எல்லோரும் இழுப்பார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்படி இயேசு கட்டளையிட்டது உயிர்த்தெழுந்த பிறகு, மத்தேயு 28 இல். கள்ளன் அதற்கு முந்தியவன், ரீச்சர்.

வவுனிக்குளம் ரீச்சர்: சரி, உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியு பிந்தியவர்தானே? அப்போஸ்தலர் 10 இல் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் இறங்கிவிட்டார். தண்ணீர் அதற்குப் பிறகு.

முழங்காவில்: பிறகு என்றாலும் பேதுரு விட்டுவிடவில்லையே, உடனே முழுக்குக் கொடுக்கச் சொன்னார்.

மடு வீதி: கத்தோலிக்கன் ஒருவன் குறுக்கிடுகிறேன். ஞானஸ்நானம் விரும்பினால் பெறலாம், விட்டாலும் விடலாம், மீட்புக்குத் தேவையில்லை என்போரை 1547 இல் எங்கள் ஆயர்களின் திரெந்துச் சங்கம் கண்டித்தது. அதே திருச்சபைதான் ஆசையினால் பெறும் ஞானஸ்நானத்தையும் ஏற்கிறது, அதாவது பெறுமுன் இறந்தவரின் விருப்பமே போதும் என்கிறது. உரோமைப் பேரரசர் இரண்டாம் வலந்தீனியன் 392 இல் திருமுழுக்குப் பெறாமலே இறந்தபோது, அவர் கேட்டதே போதும் என்று ஆயர் அம்புரோஸ் அடக்கப் பிரசங்கத்தில் ஆறுதல் சொன்னார். உங்கள் பெரியவரும் கேட்டவர்தானே? மீட்பைக் கடவுள் ஞானஸ்நானத்தோடு பிணைத்தார். தம்மையே அதனோடு கட்டிப்போடவில்லை என்பது எங்கள் மறைக்கல்வி.

உயிராபத்தில் ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம். 2009 இல் மாத்தளனில், பதுங்குகுழிக்குள், ஒரு குறைமாதக் குழந்தையின் நெற்றியில் என் பெரியம்மா போத்தல் மூடியால் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னார். மூடியில் பாதி சிந்திவிட்டதாம். அதுவும் செல்லும்.

முழங்காவில்: உங்கள் பெரியம்மாவை மதிக்கிறேன் அண்ணா. ஆனால் ஆசை ஞானஸ்நானத்துக்கு வசனம் எங்கே? குழந்தை எப்படி விசுவாசிக்கும்? தெளிப்பதும் ஊற்றுவதும் முழுக்கு ஆகாது.

வவுனிக்குளம் ரீச்சர்: வசனம்தான் வேண்டுமென்றால் அப்போஸ்தலர் 16:33. பவுலைக் காவல்காத்த பிலிப்பிச் சிறைக்காவலன் விசுவாசித்த அன்று இரவே ஞானஸ்நானம் பெற்றான். மீட்பே தண்ணீரில்தான் என்று நம்பும் சபை, மழைக்காகக் காத்திருக்கலாமா? காத்திருந்தவர்கள் உள்ளூர என் பக்கம்தான்!

முழங்காவில்: அது அந்தச் சபையின் பிழை, வேதத்தின் பிழை அல்ல. எங்கள் வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி வைத்திருக்கிறோம், கேட்ட கிழமையே கொடுப்போம். பெரியவருக்குத் தீர்ப்புச் சொல்ல நான் நியாயாதிபதி இல்லை. உயிரோடிருப்பவர்கள் தள்ளிப்போடக்கூடாது, அவ்வளவுதான்.

வவுனிக்குளம் ரீச்சர்: அப்படியானால் ‘பிரவேசிக்கமாட்டான்’ என்று ஆரம்பத்தில் அடித்துச் சொன்னது யார்?

தருமபுரத்தான்: நீங்கள் அடிபடுங்கள். பெரியவரின் மனைவி தனக்கும் வேண்டும் என்று நேற்றுச் சொன்னார். முழங்கால் வருத்தம், படி இறங்கமாட்டார். முழங்காவில் தம்பி, அந்தத் தொட்டி எவ்வளவு ஆழம்?