1/48 ரீப்பர் கிட்டை ராஜாளி சீ கார்டியனாக மாற்ற வேண்டும்: இறக்கை நீளமும் வால் பிரச்சினையும்

ராஜாளி வடக்கு (கேள்வி)

வணக்கம். 1/48 அளவில், அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், எம்.க்யூ-9 ரீப்பர் என்ற ஆளில்லா விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கையில் இருக்கிறது. பெட்டியில் உள்ளபடி செய்தால் அமெரிக்க விமானப் படையின் ரீப்பர் வரும். எனக்கு அது வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பறக்கும் கடற்படையின் சீ கார்டியன், அதாவது எம்.க்யூ-9பி வேண்டும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஊர் அரக்கோணம். இங்கே மாடியில் வடகம் காயப்போடுகிறவர்களுக்குக்கூட விமானம் அடையாளம் தெரியும். 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இங்கே தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். டி.யு.-142 என்ற ரஷ்யக் கடல் கண்காணிப்பு விமானம் வந்தால் முதலில் எவர்சில்வர் பாத்திரம் அதிரும், அப்புறம்தான் சத்தம் கேட்கும். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி. அம்மா "ரஷ்யாக்காரன் கிளம்பிட்டான்" என்பார். 2017-இல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியமாக நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதே வேலைக்கு அதற்கு முன்பே வந்துவிட்ட பி-8ஐ விமானம் பாவம், பயணிகள் விமானம் மாதிரி அமைதியாகப் போய் வருகிறது.

2020 நவம்பரில் குத்தகைக்கு எடுத்த இரண்டு சீ கார்டியன் இங்கே வந்தன. நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து திரும்பும் நேரம், பருந்து என்று நினைத்தேன். பருந்து அப்படி நேர்க்கோட்டில் போகாது. டி.யு.-142 செய்து வைத்திருக்கிறேன், பி-8ஐயும் இருக்கிறது. இது வந்தால் வரிசை முடியும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். ரீப்பரின் இறக்கை விரிவு 66 அடி, எம்.க்யூ-9பி 79 அடி. 1/48-இல் கணக்குப் போட்டால் கிட்டில் 419 மி.மீ., எனக்கு வேண்டியது 502 மி.மீ. பக்கத்துக்கு 41 மி.மீ. கூட்ட வேண்டும். அடிப்பக்கம் வெட்டிச் சேர்ப்பதா, நுனியில் சேர்ப்பதா? இரண்டாவது, பசை போடாமல் டேப் ஒட்டி நிறுத்திப் பார்த்தேன். நாய் உட்காருவது மாதிரி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் அந்தரத்தில். மூக்கில் எடை வைக்க வேண்டும் என்று தெரிகிறது, எவ்வளவு, எதை வைத்து என்று தெரியவில்லை.

ஒன்பதாவது படிக்கும் மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு "பைலட் சீட் காணோம், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். காக்பிட் வேலை இல்லாத முதல் கிட் இது. அந்த நிம்மதியில்தான் வாங்கினேன்.

பித்தளைக் கம்பி

அண்ணே, எடையை முதலில் முடித்துவிடுவோம்.

இந்த விமானத்தில் எஞ்சின் பின்னால், விசிறி அதற்கும் பின்னால், வாலும் அங்கேயே. நிஜத்தில் மூக்கில் செயற்கைக்கோள் ஆன்டெனா, மின்னணுப் பெட்டிகள், கீழே கேமரா உருண்டை எல்லாம் இருப்பதால் சமன் ஆகிறது. கிட்டில் அந்த இடம் வெறும் காற்று. மேலே புடைத்திருக்கிறதே தலை, அது அந்த ஆன்டெனா தட்டுக்காக விட்ட இடம். மகளிடம் சொல்லுங்கள்: பைலட் தரையில் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பேச்சைக் கேட்கும் காதுதான் இந்தப் புடைப்பு. நமக்கு அது எடை வைக்கும் பை.

எவ்வளவு என்று எண் சொல்லமாட்டேன், கிட்டுக்குக் கிட் மாறும். எல்லாவற்றையும் டேப்பால் கட்டுங்கள். விசிறி, வால், சக்கரம் ஒன்றுகூட விடக்கூடாது. பின்சக்கரம் தொடும் இடத்துக்கு நேரே கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து அதன்மேல் விமானத்தை வையுங்கள். மூக்கின் மேல் எடையை அடுக்கிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் முன்னால் சாயும். அதோடு இன்னொரு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியும் பெயிண்டும் பின்னால்தான் அதிகம் ஏறும்.

எடைக்கு டயர் கடைக்குப் போங்கள். வீல் பேலன்ஸ் செய்ய ரிம்மில் ஒட்டும் பட்டை எடை, 5 கிராம், 10 கிராம் என்று துண்டு துண்டாக வரும். வெட்டி அடுக்க வசதி. கிடைக்காவிட்டால் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு.

ஈயம் போட்டால் ஒரு விஷயம். வெள்ளைப் பசை ஊற்றி ஒட்டிவிடாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஜெட் விமானத்தின் மூக்கில் ஈயக் குண்டைக் கொட்டி, மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையை மேலே ஊற்றி மூடினேன். மூன்று வருடம் அலமாரியில் நன்றாக இருந்தது. ஒரு நாள் தூசி தட்டும்போது மூக்கின் மேல் முடி மாதிரி ஒரு கோடு. பூனை முடி என்று ஊதினேன், போகவில்லை. அடுத்த தீபாவளிக்குள் கோடு நகம் நுழையும் அளவு பிளந்துவிட்டது. உள்ளே பார்த்தால் குண்டுகள் எல்லாம் வெள்ளையாக, புளித்த மாவு மாதிரி உப்பிக் கிடக்கின்றன. அந்தப் பசையில் இருக்கும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும், அரித்தது இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும். பழைய காலத்தில் பெயிண்டுக்கு ஈய வெள்ளை செய்ததே இப்படித்தான், ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்து. நான் தெரியாமல் என் விமானத்துக்குள் பெயிண்ட் ஃபேக்டரி நடத்தியிருக்கிறேன். எபாக்சி பசை போடுங்கள். ஈயத்தைத் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

எடை ஏறினால் சக்கரக் கால் தாங்காது. பிளாஸ்டிக் கால் சித்திரை வெயிலில் மெல்ல விரிந்து, ஒரு நாள் வயிறு தரையைத் தொடும். கிட்டின் காலை மாதிரியாக வைத்து இரும்புக் கம்பியில் வளைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்தால் வித்தியாசம் தெரியாது.

இனி இறக்கை. அடிப்பக்கம் வெட்டாதீர்கள். அகலம் குறைந்துகொண்டே போகும் இறக்கை அது, நடுவில் துண்டு சொருகினால் படி விழும். நுனியில் கூட்டுங்கள். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வருகிறதா? இரண்டுக்கும் நடுவில் 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை நாக்கு மாதிரி நீட்டி ஒட்டுங்கள், நுனிக்கு வெளியே 41 மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதன் மேலும் கீழும் மெல்லிய தகடுகளை அடுக்கி, காய்ந்ததும் அரம், அப்புறம் உப்புத்தாள். கண்ணை நம்பாதீர்கள். பிரைமர் அடித்தால்தான் மேடு பள்ளம் தெரியும். நான்கு முறை பட்டி, நான்கு முறை தேய்ப்பு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அரை மீட்டர் இறக்கை வெறும் ஒட்டில் நிற்காது. 2 மி.மீ. பித்தளைக் குழாயை உடலின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, இரண்டு இறக்கைக்குள்ளும் அரைச் சாண் போகவிடுங்கள்.

ஒன்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எம்.க்யூ-9பி இறக்கை புதிதாக வடிவமைத்தது, பழைய இறக்கையின் நீட்டிப்பு கிடையாது. உடலும் இரண்டடி கூடுதல் நீளம், உங்கள் அளவில் 13 மி.மீ. அதை நான் என்றால் தொடமாட்டேன். உங்கள் வீட்டுக்கு அளவு டேப்போடு யார் வரப் போகிறார்கள்?

அச்சுக்காரன், கோவை

முழு இறக்கையையும் 3டி பிரின்ட் எடுக்கலாமே என்று யாராவது வருவதற்குள் நானே சொல்கிறேன், வேண்டாம். ரெசின் பிரின்டரில் அந்த நீளம் ஒரே துண்டாக வராது. வந்தாலும் நீளமான மெல்லிய ரெசின் துண்டு நாளடைவில் வாழைப்பழம் மாதிரி வளையும். பிரின்டரை இரண்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இறக்கை நுனியில் மேல்நோக்கி மடிந்து நிற்கும் விங்லெட். பழைய ரீப்பரில் அது கிடையாது, அது இல்லாமல் நீளத்தை மட்டும் கூட்டினால் யாருக்கும் சீ கார்டியன் என்று தெரியாது. இரண்டு, வயிற்றுக்கடியில் வரும் கடல் ரேடார் கூடு. இதுவாவது லேத்தில் கடைந்த மரத்திலும் வரும், உருண்டை வடிவம்தானே.

ஏவுகணை, குண்டு எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். இங்கே குத்தகைக்கு வந்தவை ஆயுதம் இல்லாதவை, கடலைக் கண்காணிக்க வந்தவை. ஹெல்ஃபயர் ஏவுகணை தொங்கவிட்டீர்கள் என்றால் முதலில் நானே வந்து சண்டை போடுவேன்.

பெரம்பூர் பெயிண்டர்

படம் தேடும்போது கவனம். நம் பத்திரிகைகளில் "பிரிடேட்டர் ட்ரோன்" என்றுதான் எழுதுகிறார்கள். 2024 அக்டோபரில் 31 ட்ரோன்களுக்கு ஒப்பந்தம் போட்ட செய்திக்கும் சில இடங்களில் பழைய எம்.க்யூ-1 பிரிடேட்டர் படத்தைப் போட்டிருந்தார்கள். வாலைப் பார்த்தால் போதும். பழைய பிரிடேட்டருக்கு வால் கூரை மாதிரி கீழே கவிழ்ந்திருக்கும். ரீப்பர் குடும்பத்துக்கு மேலே விரிந்திருக்கும், நடுவில் கீழே ஒரு துடுப்பு. எஞ்சினும் வேறு: அதில் 115 குதிரைத்திறன் பிஸ்டன், இதில் 900 குதிரைத்திறன் டர்போபிராப்.

தயாரிப்பாளரும் கடற்படையும் வெளியிட்ட படங்களே தாராளம். ஊரிலேயே இருக்கிறோம் என்று மாடியில் ஜூம் லென்ஸ் வைத்து ராஜாளிப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். மாடல் செய்கிறேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பெயிண்ட் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள். லேக்கர் பெயிண்ட் ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும், சாம்பல் நிறத்தில் அது அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களான டெக்கலுக்கு போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்ததும் ஓரத்தில் உப்புக் கோடு நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் அரைக் கிண்ணம் போதும். முதலில் பளபளப்புக் கோட்டிங், அதன்மேல் டெக்கல், கடைசியில் பளபளப்பில்லாத மேட் கோட்டிங். வரிசை மாறினால் டெக்கலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும்.

ராஜாளி வடக்கு

எல்லோருக்கும் நன்றி. ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்வி போட்ட அன்று இரவே கை சும்மா இருக்காமல் உடலின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டேன். மூக்கு காலி. பிரித்தால் உடைந்துவிடும் போல இருக்கிறது. வழி உண்டா?

பித்தளைக் கம்பி

நினைத்தேன்! பதறாதீர்கள். மூக்குக்கு அடியில் கேமரா உருண்டை மாட்டும் துளை இருக்கிறதல்லவா, அதை உருண்டைக்குள் மறையும் அளவு பெரிதாக்குங்கள். விமானத்தை மூக்கு கீழே பார்க்க ஒரு டம்ளரில் நிறுத்தி, சின்ன ஈயக் குண்டுகளைத் துளை வழியாக விட்டு, மேலே எபாக்சி. ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி மெல்லிய பிளாஸ்டிக்கை நெளியவைக்கும். மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு. குழாய்க்கு வெளியிலிருந்தே இரண்டு பக்கமும் துளை போடலாம். நேராகப் போகிறதா என்று ஒரு ஊசியை விட்டுப் பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.

ராஜாளி வடக்கு

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நிற்கிறது! மூக்கில் 35 கிராம் போயிருக்கிறது. முன்சக்கரம் தரையில் அழுந்தி உட்கார்ந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவி "இதுக்கு முன்னாடி நிக்கலையா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இறக்கைக்கு நான்கு பட்டி என்றீர்கள், எனக்கு ஏழு ஆனது. இடது நுனியில் பிரைமர் அடித்ததும் ஒட்டு விழுந்த இடம் பல்லைக் காட்டியது. சரியாகிவிட்டது என்று மறுபடி அடித்தால் மறுபடியும். கடைசியில் பட்டியை விட்டுவிட்டு ஃபெவி க்விக்கை ஊசி முனையால் தடவி, இறுகிக் கல்லாவதற்குள் உப்புத்தாள் போட்டேன். அதில்தான் கோடு மறைந்தது. விங்லெட் இரண்டையும் கோவை நண்பர் கூரியரில் அனுப்பினார், அவருக்குத் தனி வணக்கம். ரேடார் கூடு, உருண்டை டியோடரன்ட் மூடி ஒன்றை வெட்டித் தேய்த்தது. சொல்லாவிட்டால் தெரியாது, இப்போது சொல்லிவிட்டேன்.

குத்தகைக்கு வந்த இரண்டு சீ கார்டியனில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகி, சென்னைக்கு அப்பால் கடலில் இறக்க வேண்டியதாகிவிட்டது. நான் அன்று வானத்தில் பார்த்தது அதுவா, மற்றதா என்று மகள் கேட்கிறாள். மாடலில் எண் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

புதிதாக ஒரு சிக்கல். டி.யு.-142-க்கும் பி-8ஐக்கும் பக்கத்தில் வைக்கலாம் என்று ஷோகேஸைத் திறந்தால் உள் அகலம் 46 செ.மீ. இது 50. இறக்கை விரிவைப் பத்துத் தடவை கணக்குப் போட்டவன் அலமாரியை ஒரு தடவைகூட அளக்கவில்லை. தற்போதைக்கு ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது. தயிர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் இறக்கை இரண்டும் லேசாக ஆடுகிறது, நிஜமாகவே கிளம்பப் போவது மாதிரி.