மலையேற்றக் கத்திக்கு மரப்பிடி: பலகை சுருங்கி விலகுவது ஏன்? எந்த எண்ணெய் பூசலாம்?

மலைநடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலையேற்றத்தின்போது விறகு சீவவும் கயிறு அறுக்கவும் பயன்படும் என்று, எங்கள் ஊர்க் கொல்லர் ஒருவரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு கத்தி அடித்து வாங்கினேன். அலகு 10 செ.மீ. நீளம், பிடிக்குள் போகும் இரும்பான வால் பகுதி பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் வருகிறது. பிடியை நானே போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, கொல்லையில் வெட்டிய வேப்பங்கிளையிலிருந்து இரண்டு பலகைகளை அறுத்தெடுத்து, எபாக்சி தடவி, சி கிளாம்ப்பால் முடிந்தவரை இறுக்கி ஒட்டினேன். உப்புத்தாளால் வழுவழுப்பாகத் தேய்த்துத் தேங்காய் எண்ணெயும் பூசினேன்.

மூன்று மாதத்தில் பலகைகள் சுருங்கிவிட்டன. இப்போது வாலின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு உள்ளங்கையை உறுத்துகிறது. அலகை ஒட்டிய முனையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. கை நனைந்தால் பிடி வழுக்குகிறது. பிடியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து செய்ய விரும்புகிறேன். எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மரவேலை

வணக்கம். முதல் தவறு ஈர மரம். மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது என்பதால், அதன் விளிம்பு வெளியே வந்து உங்கள் கையில் தட்டுப்படுகிறது. ஓர் அங்குலக் கனமுள்ள கட்டை நிழலில் காய ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. ஐயமிருந்தால் கட்டையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நிற்கும்வரை அதை அறுக்க வேண்டாம். இவ்வளவு காத்திருக்க இயலாதென்றால், பழைய கட்டில் கால், கதவுச் சட்டம் போன்றவற்றிலிருந்து வைரம் பாய்ந்த துண்டாகத் தேடி எடுங்கள். புளியின் வைரம் இதற்கு மிக நன்று. தேக்கும் ஈட்டியும் இயல்பிலேயே எண்ணெய்ப்பசை உள்ளவை என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அவற்றின் ஒட்டும் பக்கத்தை அசிட்டோனால் துடைத்தாக வேண்டும். ஈட்டியின் தூள் பலருக்கு அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே கூடாது.

அடுத்தது, நீங்கள் இறுக்கிய விதம். கிளாம்ப்பை முழு பலத்துடன் முடுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுவிடும். பலகை இரும்போடு பொருந்தி, விளிம்பெங்கும் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிர்த்து, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் எபாக்சியையே வாங்குங்கள். வாலின் இரு முகங்களையும் 60 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, இடையிடையே துளைகளும் இட்டால், பசை ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்குப் பாலம்போல் ஓடிப் பிடித்துக்கொள்ளும். வாலில் அரம் கடித்தால் டிரில்லும் இறங்கும். அரம் வழுக்கினால் கொல்லரிடமே கொடுத்து அந்தப் பகுதியை இளக்கித் தரச் சொல்லுங்கள். பசையை மட்டும் நம்பாமல், இரண்டு பித்தளை ஆணிகளாவது ஊடுருவிப் போக வேண்டும்.

பலரும் மறப்பது ஒன்றுண்டு: அலகை நோக்கியிருக்கும் பலகை முனைகளை ஒட்டுவதற்கு முன்பே வளைத்துத் தேய்த்து முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே அரத்தைக் கொண்டுபோனால் அலகில் கீறல் விழாமல் தப்பாது.

வடக்குத்தமிழ்

நான் நார்வேயில் வசிக்கிறேன். இங்குள்ள மரபுக் கத்திகள் பெரும்பாலானவற்றில் விரலைத் தடுக்கும் குறுக்குத் தடுப்பு கிடையாது. பிடியின் வடிவம் ஒன்றே கையைக் காக்கிறது. ஆகவே வடிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவம் தெரிய வேண்டும். குறுகிய பக்கம் அலகின் வாய் இருக்கும் திசையில் அமையட்டும். வட்டமாகச் செய்தால், இருட்டில் எடுக்கும்போது வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. நடுவில் சிறிது பருத்தும் கடைசியில் கீழ்நோக்கிச் சற்று இறங்கியும் இருந்தால், இழுத்து வெட்டும்போது கை நழுவாது. விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டுவதை நான் விரும்புவதில்லை. சீவும்போதும் குத்தித் துளையிடும்போதும் பிடிக்கும் விதம் மாறுவதால், ஒரு பிடிக்குப் பொருந்திய பள்ளம் மற்றொன்றில் எலும்பை அழுத்தும்.

அளவைச் சற்றுத் தடிப்பாகவே விட்டு, மர அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். உள்ளங்கையில் கரித்தூளைத் தேய்த்துக்கொண்டு, அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, பிடியை இறுகப் பற்றி விடுங்கள். கருமை அழுத்தமாக ஒட்டிய மேடுகளே பின்னாளில் கொப்புளம் தருபவை. அவற்றை இரண்டு மூன்று இழுப்பில் தணித்துவிட்டு மறுபடியும் பற்றிப் பாருங்கள். நான் என் கத்திக்கு இதை ஒன்பது முறை செய்தேன். பெருவிரலின் அடியில் இருந்த மேடு எட்டாவது முறைதான் அடங்கியது. மின் கிரைண்டரைப் பயன்படுத்தினால், இரும்பு கை பொறுக்காத அளவுக்குச் சூடேறும் முன் நிறுத்துங்கள்; அந்தச் சூட்டில் எபாக்சி இளகத் தொடங்கும்.

எண்ணெய்ப்பூச்சு

மேற்பூச்சு பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் உலர்ந்து இறுகாது, அதனால்தான் வழுக்குகிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். கடையில் ‘பாயில்டு’ வகையைக் கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். 220 எண் தாளுக்குப் பிறகு பிடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மர நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 320 எண் தாளால் நீக்கி அத்துடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் பளபளப்பாக்கினால் மழையில் கைக்குப் பற்றுதல் இராது. மெல்லிய பூச்சாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிகுந்ததைத் துடைத்துக் காயவிடுங்கள். நான்கு பூச்சு போதும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மலைநடை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பழைய பிடியைக் கழற்றச் சுடர் காட்டினால் அலகின் பதம், அதாவது கடினத்தன்மை, கெடுமா?

மரவேலை

சுடர் வேண்டாம். பிடிப்பகுதியைக் கொதிநீரில் கால் மணி நேரம் வைத்திருந்து, எபாக்சி இளகியதும் பழைய உளியை இடுக்கில் செலுத்தி நெம்புங்கள். ஸ்பிரிங் இரும்புக்குப் பதம் இறக்குவது ஏறத்தாழ 200 பாகை அளவிலும் அதற்கு மேலும்தான். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால் அலகுக்குத் தீங்கில்லை. கழற்றியவுடன் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், துருப்பிடிக்கும்.

மலைநடை

இரண்டு பலகைகளும் முழுதாகக் கழன்றன. வால் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே பசை நடுவில் அறவே இல்லை, விளிம்பில் மட்டும் நூல்போல் நின்றிருந்தது. பாட்டி வீட்டுப் பழைய கட்டில் காலொன்று கிடைத்தது, வைரம் பாய்ந்த புளி. மூன்று வாரமாக நிறுத்துப் பார்க்கிறேன். எடை ஒரு கிராம்கூட மாறவில்லை. நாளை அறுக்கிறேன்.