சேலத்தில் தொளதொள காட்டன் டாப் தைத்துத் தரும் டெய்லர் வேண்டும்

வணக்கம். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அஸ்தம்பட்டி, எங்கே இருந்தாலும் சரி. அலுவலகத்துக்குப் போட நான்கு டாப். துணி கையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர், கைத்தறி காட்டன்.

"லூசாக" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாக வெட்டிவிடுகிறார்கள். அதனால் தோள் சரியும், கழுத்து அகலும், கை மட்டும் பிடிக்கும். வேண்டியது அது இல்லை. தோளும் கழுத்தும் உடல் அளவிலேயே இருக்க வேண்டும். மார்பு 36 அங்குலம் என்றால் தைத்து முடித்த டாப் 44 வர வேண்டும், டார்ட் (உடலோடு ஒட்டப் பிடிக்கும் மடிப்புத் தையல்) கூடாது. அக்குளில் 3 அங்குலச் சதுரத் துண்டு சேர்த்தால்தான் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது டாப் மேலே ஏறாது. ஆர்ம்ஹோலை, அதாவது கை இணையும் வளைவை, வெறுமனே இறக்கி வெட்டினால் இன்னும் மோசமாக ஏறும்.

லைனிங் வேண்டவே வேண்டாம். கிரேப் லைனிங் சேலம் வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேலே காட்டன் போட்டு என்ன பயன்? துணி மெல்லிசாக இருந்தால் மட்டும், மல் எனும் மெல்லிய காட்டனில் லைனிங் போடலாம். அப்போது டாப் துணி, மல் இரண்டையும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நனைத்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று சுருங்கி இன்னொன்றை இழுக்கும்.

பாக்கெட் பக்கத் தையலில், 6 அங்குல அகலம், 7 ஆழம். போன் நிற்க வேண்டுமே!

"ஷேப் இல்லாமல் நல்லா இருக்காதுங்க" என்று அறிவுரை சொல்லாதவராக இருந்தால் உத்தமம். ஏற்காட்டில் யாராவது தைத்தாலும் சொல்லுங்கள், மலையேறி வரத் தயார். கூலி எவ்வளவு என்றும் குறிப்பிடுங்கள்.