கிளிநொச்சியில் வாடகை கட்டியதற்கு அத்தாட்சி எடுப்பது எப்படி?

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கு உட்புறமாக ஒரு வீட்டில் 2021 ஆவணியில் இருந்து வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 15,000 ரூபாய். வீட்டுக்காரர் கனடாவில், காசு வாங்குவது அவருடைய தம்பி, அவர் வவுனியாவில் இருந்து வந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவார், அந்தக் கொப்பியும் அவரிடம்தான். போன வருடத்தில் இருந்துதான் வங்கியில் போடச் சொன்னார், சீட்டுகள் இருக்கின்றன, ஆனால் கணக்கு அவருடைய மனைவியின் பெயரில்.

இப்போது மகளை முதலாம் தரத்தில் சேர்க்க வதிவிட ஆதாரம் கேட்கிறார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். நொத்தாரிசிடம் எழுதிய ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், அது முடிந்தபிறகு எல்லாம் வாய்ப்பேச்சு.

தம்பியிடம் பற்றுச்சீட்டு கேட்டால் "அண்ணாவைக் கேளுங்கோ" என்கிறார். அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் போட்டால் பார்க்கிறார், பதில் இல்லை (வரிப் பயமோ என்னவோ). விதானையாரிடமும் (கிராம சேவகர்) போனோம். நீங்கள் அங்கே இருப்பதற்குக் கடிதம் தரலாம், காசு கட்டியதற்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது என்றார், அதுவும் நியாயம்தான். வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்று மனைவி பயப்படுவதால் சண்டை பிடிக்கவும் விருப்பமில்லை.

இந்த வங்கிச் சீட்டுகளையும் பழைய ஒப்பந்தத்தையும் வைத்து சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம்) முடித்தால் பாடசாலையில் ஏற்பார்களா, இல்லை பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போய்த்தான் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டுமா?