ஜிக்சாவுக்குத் தமிழ்ப் பெயர்: துள்ளு ரம்பமா, ஊசிவாளா?

ஏற்காட்டிலிருந்து:

வணக்கம். வீட்டிலேயே சின்னதாக மரப்பட்டறை போடுகிறவர்களுக்கான கையேட்டில் மின்கருவிகள் பகுதி நடக்கிறது. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் வரை பெயருக்குப் பஞ்சமே இல்லை. வட்ட ரம்பம், பட்டை ரம்பம் இரண்டும் பழகிய சொற்கள். மெல்லிய பிளேடு ஏறி இறங்கி அறுக்கும் கைமின்கருவியான ஜிக்சாவில் வந்து நிற்கிறது. முதல் மின் ரம்பமாகப் பலரும் வாங்குவது இதைத்தான் என்பதால் பெயர் சரியாக அமைய வேண்டும். 'ஜிக்சா' என்றே எழுதினால் பாதிப் பேருக்கு அட்டைத் துண்டுகளைச் சேர்க்கும் புதிர் விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும். கருவி என்ன செய்யும், ஏன் அப்படிச் செய்யும் என்று பெயரே ஒரு குறிப்புக் கொடுத்தால் நல்லது. பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தூரிலிருந்து, தமிழாசிரியர்:

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'வளைவாள்'. அதை ஏற்க வேண்டாம். அது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என்று விரிவதுபோல, வளைவாள் என்றால் வளைந்த, வளைகின்ற, வளையும் வாள் என்றே விரியும். வளைத்து வெட்டும் வாள் என்ற பொருள் அதற்குள் வராது. அந்தப் பொருள் வேண்டுமென்றால் 'வளைவெட்டு ரம்பம்' என்று நீட்ட வேண்டும். அப்போதும் குறை இருக்கிறது. இந்தக் கருவி நேராகவும் வெட்டும், பலகையின் நடுவில் துளைபோட்டு உள்ளேயிருந்தும் வெட்டும், தகரமும் வெட்டும். செய்கிற வேலைகளில் ஒன்றை மட்டும் பெயராக்கக் கூடாது.

இயங்கும் விதத்தை வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு மொழியில் இதற்குத் 'துள்ளும் ரம்பம்' என்று பொருள்படும் பெயர். ஜெர்மன் மொழியில் 'குத்து ரம்பம்'. நமக்குக் குத்துவாள் என்றால் இடுப்பில் செருகும் ஆயுதம், ஆகவே அது கூடாது. 'துள்ளு ரம்பம்' என் பரிந்துரை. மேலும் கீழுமாகத் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, சொல்லும் வாயில் எளிதாக வருகிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, பட்டறைக்காரர்:

ஐயா, வளைவாள் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'வளையும் வாள்' என்பது இந்த மிஷினின் பெரிய நோய். தடித்த பலகையில் பிளேடு வளைந்துதான் வெட்டு கெடுகிறது.

துள்ளு ரம்பத்துக்கும் அதே சிக்கல்தான். பட்டறையில் 'மிஷின் துள்ளுது' என்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம். ஜிக்சா பிளேடில் பல் மேல்நோக்கி இருக்கும், ஏறும்போதுதான் அறுக்கும். அதனால் அறுக்கும் நேரத்தில் மிஷினின் அடித்தட்டு பலகையோடு தானே ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது பிளேடு மரத்தில் சிக்கினால்தான் மிஷின் எகிறும். பலகை சரியாகக் கவ்வப்படாமல் ஆடினாலும், ஈரமரம் வாய்மூடிப் பிளேடைப் பிடித்தாலும் இதேதான். குறையைப் பெயராக வைத்துவிட்டால் புதியவர்கள் அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மிஷின் பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1946இல் சுவிட்சர்லாந்தின் சொலோதூர்ன் ஊரில், சிண்டில்லா நிறுவனத்துப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன் தையல் மிஷினின் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டே லெஸ்டோ என்ற பெயரில் கருவி விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் உள்ளே நடப்பது அதுதான். மேல்முனையை மட்டும் மிஷின் பிடித்திருக்கும், கீழ்முனை அந்தரத்தில் இருக்கும், பிளேடைப் பிடித்த தண்டு ஏறி இறங்கும்.

ஒரு முனை மட்டும் பிடிபட்டிருக்கிறது என்ற இந்த ஒரே விஷயத்திலிருந்துதான் வாங்கும்போது பார்க்க வேண்டிய எல்லாமே வருகிறது. கீழ்முனை விலகி ஓடாமல் இருக்க, அடித்தட்டுக்குச் சற்று மேலே ஒரு சின்ன உருளை பிளேடின் முதுகைத் தாங்கும். கடையில் பிளேடு மாட்டச் சொல்லி, பிளக் செருகாத நிலையில் அதன் நுனியை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிளேடு லேசாக நெளிவது இயல்பு. தண்டே கூடச் சேர்ந்து ஆடினால் அந்த மிஷினை வைத்துவிடுங்கள். உருளை பிளேடின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிளேடு உருளையின் காடிப்பள்ளத்தில் நடுவாக உட்கார்ந்திருக்க வேண்டும். உருளை தள்ளி நின்றால் எத்தனை வாட் இருந்தும் பயனில்லை.

அடுத்து அடித்தட்டு. வளைத்த தகரத்தட்டைவிட வார்ப்பு அலுமினியத் தட்டு நேராக நிற்கும். தட்டின் சாய்வை 0 டிகிரியில் வைத்துத் தட்டுக்கும் பிளேடுக்கும் இடையில் மூலைமட்டம் பிடியுங்கள். முள் 0 என்று காட்டுவதை நம்பாதீர்கள், மட்டம் சொல்வதுதான் கணக்கு.

பிறகு வீச்சு, அதாவது பிளேடு ஏறி இறங்கும் தூரம். 18 மி.மீ. வீச்சுள்ள மிஷினும் உண்டு, 26 மி.மீ. உள்ளதும் உண்டு. வீச்சைவிடப் பலகை தடிமனாக இருந்தால் நடுவில் மாட்டிய பற்கள் மரத்தைவிட்டு வெளியே வராமலே ஏறி இறங்கும். தூள் உள்ளேயே அரைபடும், பிளேடு சூடாகும், வெட்டு கருகும். வீட்டு வேலைக்கு 500 முதல் 650 வாட், 20 மி.மீ.க்குக் குறையாத வீச்சு, வேகம் கூட்டிக்குறைக்கும் சக்கரம், பிளேடின் மேல்முனையான காம்பு டி வடிவில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய், இந்த நான்கும் இருந்தால் போதும். யு வடிவக் காம்பு மட்டும் பிடிக்கிற பழைய மிஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதற்குப் பிளேடு தேடியே அலுத்துப்போவீர்கள்.

பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். தையல் ஊசி இருந்த இடத்தில் ரம்பம். 'ஊசி ரம்பம்' என்று வைக்கலாமா?

தம்மம்பட்டியிலிருந்து:

ஊசி நல்ல சொல். ஆனால் ஒன்று. சிற்பப் பலகையில் நுண்ணிய வேலைக்கு மேசைமேல் நிற்கும் இன்னொரு மிஷின் உண்டு, அதிலும் மெல்லிய பிளேடு ஏறி இறங்கும். அதையும் ஊசி ரம்பம் என்று சொல்லிவிடுவார்கள். அதில் பிளேடு மேலும் கீழும் இரண்டு கைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். விரலால் சுண்டினால் ஒலிக்கும். அதனால்தான் அரை விரல் அகலத்தில் திரும்ப முடிகிறது, வெட்டின் பக்கமும் செங்குத்தாக நிற்கிறது. ஜிக்சாவை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

ஆத்தூரிலிருந்து:

இரண்டு முனையும் கட்டி, சுண்டினால் ஒலிப்பது வில்லின் நாண். அந்த மேசை மிஷினுக்கு 'நாண்வாள்'. ஒரு முனை மட்டும் பிடிபட்டு ஏறி இறங்குவது 'ஊசிவாள்'. இப்படி வைத்தால் பிளேடு எப்படிப் பிடிபட்டிருக்கிறது என்பதைப் பெயர் இரண்டுமே சொல்லிவிடும்.

வாள் என்றால் போர்வாள்தானே என்று கேட்பார்கள். மரம் அறுக்கும் இடத்தை வாள்பட்டறை என்று இன்றைக்கும் சொல்கிறோம், ஈர்வாள் என்ற சொல்லும் இருக்கிறது. தச்சுத்தொழிலுக்குள் அந்தக் குழப்பம் வராது. இன்னொரு காரணமும் உண்டு. 'ஊசி ரம்பம்' என்று வேகமாகச் சொன்னால் 'ஊசி அரம்' என்று காதில் விழும். அது நகை வேலைக்கான அராவும் கருவி, கொலுசுப் பட்டறை நிறைந்த சேலத்தில் அந்தக் குழப்பம் உறுதியாக வரும்.

ஏற்காட்டிலிருந்து:

ஊசிவாள் மனதில் உட்கார்ந்துவிட்டது. அண்ணா, அடுத்த சிக்கல். மிஷின் பக்கவாட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கிறதே, அதை 'சுற்றுப்பாதை இயக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா? இங்கே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் வீட்டு வேலைக்கு எளிதில் கிடைப்பது. அதற்கு எந்த எண், எந்தப் பிளேடு?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

சுற்றுப்பாதை என்று எழுதாதீர்கள். படிப்பவர் பிளேடு வட்டமடிக்கும் என்று நினைப்பார். நடப்பது வேறு. பிளேடு ஏறும்போது உருளை அதை முன்னால் தள்ளும், பல் மரத்தைக் கடிக்கும். இறங்கும்போது பின்வாங்கி மரத்தை விட்டு விலகும், தூள் வெளியே வரும். முன்னும் பின்னும் ஆடுவதுதான். ஜெர்மன்காரர்களும் கடிகார ஊசலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 'ஊசல்' என்று எழுதுங்கள். ஊசல் 0, ஊசல் 3.

ஊசல் 3இல் மென்மரத்தை நேராக வேகமாக அறுக்கலாம், மேல்முகம் மட்டும் சிலும்பிக்கொள்ளும். பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை, நெருங்கிய வளைவு, உலோகம், இவை எல்லாவற்றுக்கும் ஊசல் 0. வளைவில் ஊசல் வைத்தால் பிளேடு ஒருபக்கம் படுக்கும். அப்போது மேலே வரைந்த கோட்டிலேயே போயிருப்பீர்கள், கீழே பார்த்தால் 3 மி.மீ. தள்ளி இருக்கும்.

சில்வர் ஓக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். பச்சை மரம் என்றால் தூள் நனைந்து பல்லில் அப்பும், வெட்டின் வாயும் மூடும். அதற்குப் பல் இடமும் வலமுமாக விரிந்த பிளேடு வேண்டும். கடையில் டி144டி என்ற பிளேடு குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள், பல் இடைவெளி 4 மி.மீ.க்குக் குறையாது, ஊசல் 2இல் ஓடலாம். ஒரு சாண் அறுத்ததும் வாயில் சிறு மர ஆப்பு செருகிவிட்டுத் தொடருங்கள். நன்றாகக் காய்ந்த 18 மி.மீ. பலகை, முகம் வெளியே தெரிகிற வேலை என்றால் டி101பி, இடைவெளி 2.5 மி.மீ., ஊசல் 0 அல்லது 1. நெருங்கிய வளைவுக்கு டி101ஏஓ. அது குறுகலானது, பல் இடைவெளி 1.4 மி.மீ., 15 மி.மீ.க்கு மேல் தடிமன் கொடுக்கக் கூடாது. சாதாரண இரும்புத் தகடு 1 முதல் 3 மி.மீ. வரை டி118ஏ, வேகத்தைக் குறைத்து, வெட்டும் கோட்டில் எண்ணெய் தடவி, தகட்டின் அடியில் பிளைவுட் கொடுத்து வெட்டுங்கள். அடியில் பலகை இல்லாவிட்டால் தகடு பிளேடோடு சேர்ந்து அதிரும், பல் உதிர்ந்துவிடும். எந்தப் பொருளானாலும் அதன் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு பல்லாவது எப்போதும் இருக்க வேண்டும்.

பல் மேல்நோக்கி என்பதால் சிலும்பல் எப்போதும் மேல்முகத்தில்தான். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து, பின்முகத்தில் கோடு போடுங்கள். கவிழ்க்க முடியாத இடமாக இருந்தால் கோட்டின்மேல் காகித நாடா ஒட்டி, கூர்க்கத்தியால் கோட்டை ஒருமுறை கீறிவிட்டு வெட்டுங்கள். அடித்தட்டில் பிளேடைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் துண்டு மாட்டுவார்கள், அதுவும் நார் எழும்பாமல் அமுக்கும். அதற்குப் 'பிசிறு தடுப்பு' என்று எழுதலாம்.

பலகையின் நடுவில் திறப்பு வேண்டுமென்றால் மூலையில் 10 மி.மீ. துளை போட்டுப் பிளேடை இறக்குங்கள். பிளேடு மரத்தைத் தொடாத நிலையில் மிஷினை ஓடவிட்டு, முழு வேகம் வந்தபிறகு முன்னே நகர்த்துங்கள். தள்ள வேண்டாம். தள்ளினால்தான் கீழ்முனை ஓடுகிறது. வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ள வேண்டியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

நன்றி அண்ணா. பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

ஊசிவாள்: மேல்முனை மட்டும் பிடிபட்ட குறுகிய பிளேடு ஏறி இறங்கி அறுக்கும் கைமின்கருவி. வழக்கில் ஜிக்சா.
நாண்வாள்: இரு முனையும் இழுத்துக் கட்டிய மெல்லிய பிளேடு கொண்ட மேசைக்கருவி.
வீச்சு, ஊசல், தாங்குருளை, அடித்தட்டு, காம்பு, பிசிறு தடுப்பு: ஊசிவாளின் உறுப்பும் இயக்கமும்.

பிளேடுக்கு 'அலகு' போடவா? டி101பிஆர் பிளேடைத் 'தலைகீழ்ப் பல்' என்று குறிக்கவா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

பிளேடு அப்படியே இருக்கட்டும். 'ஒரு அலகு' என்றால் கடைக்காரர் அளவைத்தான் நினைப்பார். டி101பிஆருக்குத் தலைகீழ் என்று போட்டால் பிளேடையே திருப்பி மாட்டப் பார்ப்பார்கள். 'கீழ்நோக்குப் பல்' என்று எழுதுங்கள். மைக்கா ஒட்டிய சமையல்மேடைப் பலகையை நல்ல முகம் மேலே இருக்க வெட்டும்போதுதான் அது வேண்டும். இறங்கும்போது அறுப்பதால் மிஷின் மேலே எகிறப் பார்க்கும், அந்த ஒரு பிளேடுக்கு மட்டும் மேலிருந்து கையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசல் கட்டாயம் 0. இந்தக் குறிப்பைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.