புதுப்பிப்பு: பூட் ஆகாத உபுண்டு சர்வர், காரணம் பிடிபட்டது

முன்பு கேட்டது இதுதான்: அப்டேட் முடிந்து ரீபூட் செய்ததும், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன் பிளாக் (0,0)' என்று கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடுவது). டிஸ்க், ரெய்டு கார்டு மீது வந்த சந்தேகம் வீண்.

குற்றவாளி, கெர்னல் கோப்புகள் இருக்கும் 512 எம்பி பூட் பார்ட்டிஷன். பழைய கெர்னல்கள் குவிந்து 100% நிரம்பிவிட்டது. புதிய கெர்னல் ஏறியது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது கெர்னல் பயன்படுத்தும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) உருவாகவில்லை. டிஸ்க் டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் கெர்னலுக்கு டிஸ்க்கே கண்ணில் படாது. (0,0) சொல்வது அதைத்தான். அப்டேட்டின்போதே 'இடமில்லை' என்ற எச்சரிக்கை ஓடியிருக்கும், யார் படிக்கிறார்கள்!

கிரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்யுங்கள். மெனு வராவிட்டால் யூஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப், பழைய பயாஸில் ஷிஃப்ட். பிறகு 'டிஎஃப் -எச்' போட்டு இடத்தையும், 'யூநேம் -ஆர்' போட்டு இப்போது ஓடும் கெர்னலையும் பாருங்கள். அதையும் புதியதையும் தொடாமல் மற்ற கெர்னல்களை 'ஏபிடி பர்ஜ்' போட்டு நீக்குங்கள். இடமின்றி ஏபிடியே முரண்டு பிடித்தால், மிகப் பழைய இனிட்ஆர்டி கோப்பு (பழைய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்) ஒன்றை மட்டும் கையால் அழித்துவிட்டு மறுபடி முயலலாம்.

கடைசியில், புதிய கெர்னலின் பதிப்பு எண்ணைக் கொடுத்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே', அடுத்து 'அப்டேட்-கிரப்', ரீபூட். இப்போது ஓடுகிறது.