லிஃப்ட் செய்த வண்டிக்கு ஆர்டர் கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் பட்டைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கரடுமுரடு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய டொயோட்டா ஹைலக்ஸ், முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைதான். எனக்கு முன்பு வைத்திருந்தவர் வண்டியை நாலு அங்குலம் உயர்த்தி (அதுதான் லிஃப்ட்), பின்பக்கத்துக்குப் பட்டைகளை அடுக்கிய புதுக் கட்டு செய்து வாங்கிப் போட்டிருக்கிறார். ரசீது என்னிடம் இருக்கிறது. வண்டியின் பெயர், பட்டை எண்ணிக்கை, "4 அங்குலம்". அவ்வளவுதான். வண்டி எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் ஒரு பள்ளம். முன் இடது சக்கரம் இறங்கியதுமே பின் வலது சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கியரில் போட்டால் காற்றில் சும்மா சுற்றுகிறது. இறங்கிப் போய்ப் பின் இடது பக்கம் குனிந்து பார்த்தேன். பின்பாரம் மொத்தமும் அந்த ஒரு கட்டின் மேல்தான் நிற்கிறது, ஆனால் வளைவு கொஞ்சமும் குறையவில்லை. பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்சில் மேலே வந்து சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு கையையும் விடலாம். எனக்குப் பின்னால் வந்த நண்பருடைய வண்டி இதே மாடல், லிஃப்ட் கிடையாது, கம்பெனிப் பட்டை. நாலு சக்கரமும் தரையில் இருக்க அதே பள்ளத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விட்டார்.

அந்தக் கட்டு அசையாமல் நின்றது இன்னும் உறுத்துகிறது. புதிதாக ஆர்டர் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பின்அச்சு

எனக்கும் இதேதான், அதனால் சுருக்கமாக. ஏழு பட்டைக் கட்டு, வெறும் வண்டியில் கல் மாதிரி. இரண்டு பட்டையை உருவிப் போட்டேன், சரியாகிவிட்டது. பட்டை குறைவாக இருந்தால் மெது, அதிகமாக இருந்தால் விறைப்பு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சுத்தியல்

பின்அச்சு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஸ்பிரிங் பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டை எண்ணிக்கை இரட்டிப்பானால் விறைப்பு இரட்டிப்பாகும், சரி. ஆனால் தடிமன் மும்மடிக் கணக்கில் வேலை செய்யும். 6 மி.மீ. பட்டையை 7 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 59 சதவீதம் கூடுகிறது. ஒரே நீளம், ஒரே அகலம் என்று வைத்துப் பாருங்கள்: 6 மி.மீ. பட்டை பத்து அடுக்கினாலும், 8 மி.மீ. பட்டை ஐந்து அடுக்கியதைவிட மெதுவாகத்தான் இருக்கும். கணக்கு கஷ்டமே இல்லை. தடிமனை மூன்று முறை பெருக்கி, எண்ணிக்கையால் பெருக்குங்கள். அங்கே 2160, இங்கே 2560.

மெல்லிய பட்டைக்கு இன்னொரு லாபம் உண்டு. அதே அளவு வளையும்போது தடிமனான பட்டைக்கு வரும் இழுவிசை மெல்லியதற்கு வராது. சக்கரம் நிறைய ஏறி இறங்க வேண்டிய வண்டிக்கு அதுதான் தேவை. பட்டைகளுக்கு நடுவே உராய்வு கூடும், உண்மைதான். நுனிகளில் நைலான் துண்டு வைத்தால் ஓரளவு அடங்கும்.

நீளமும் மும்மடிதான், ஆனால் எதிர்த்திசையில். பத்து சதவீதம் நீட்டினால் விறைப்பு கால்பங்கு குறையும். செவ்ரோலே பிக்கப்பின் 63 அங்குலப் பின்பட்டையைத் தேடிப் பிடித்து டொயோட்டாவில் மாட்டுகிறவர்கள் அந்த நீளத்துக்காகத்தான் மாட்டுகிறார்கள்.

என் அனுபவமா? ஒருவர் வந்தார், "இரண்டு பட்டை சேர்த்து ஏற்றிக் கொடு" என்றார். முதலில் எடை மேடைக்குப் போய் வாருங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அவர் வண்டியை அப்புறம் பார்த்தேன், ஒரு வேகத்தடையில் பின்சக்கரம் இரண்டும் துள்ளி எழுந்தன.

கரடுமுரடு, உங்கள் கட்டில் ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் அளந்து இங்கே போடுங்கள். நண்பர் வண்டியிலும் அளக்க முடிந்தால் நல்லது.

ஷேக்கிள்சாமி

என்னுடையது விறைப்பு இல்லை, வளைவு. உயரம் வேண்டும் என்று அதிக வளைவில் அடித்த கட்டு. ஒரு பாறையில் இருந்து பின்சக்கரம் நழுவித் தொங்கியபோது "டக்" என்று ஒரு சத்தம். எதுவோ உடைந்தது என்றே நினைத்தேன். ஒன்றும் உடையவில்லை. ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) மறுபக்கமாக மடிந்து சேஸிஸில் முட்டி நிற்கிறது. சக்கரம் மறுபடி தரைக்கு வந்த பிறகும் அது திரும்பவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி நிற்கிறது, பட்டை தலைகீழாக நெளிகிறது. கடப்பாரை போட்டு நெம்பித்தான் திருப்பினோம். திரும்பும்போது அது எகிறிய வேகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் கை வைக்கவே பயம்.

காரணம் எளிது. மெயின் பட்டையின் (இரு முனையிலும் போல்ட் போகும் வளையம், அதாவது கண், உள்ள மேல் பட்டை) நீளம் மாறாமல் வளைவை மட்டும் கூட்டினால் கண்ணுக்குக் கண் தூரம் சுருங்கும். சுருங்கினால் ஷேக்கிள் உள்பக்கம் இழுபட்டுச் செங்குத்தாக நிற்கும். சக்கரம் தொங்கும்போது இன்னும் சுருங்கி மறுபக்கம் தாண்டிவிடும். வளைவைக் கூட்டினால் மெயின் பட்டையை நீட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஷேக்கிள் தொங்கும் ஹேங்கரை நகர்த்த வேண்டும். வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது ஷேக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மலையேறி

எல்லாரும் மெது மெது என்கிறீர்கள். மெதுவான கட்டு போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன். பின்னால் தண்ணீர், டீசல் கேன், கூரையில் கூடாரம், ஆள் வேறு. உடம்பு நோகாமல் போகலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள், போட்டேன். பாரம் ஏறியதும் பட்டை நேர்கோடாகிவிட்டது. ராத்திரி, வரிவரியாக அரித்த மண் பாதை. ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டுகிறது, பாதையைக் காட்டவில்லை. பம்ப் ஸ்டாப் ஓயாமல் இடிக்கிறது. கடைசியில் ஒரு பெரிய சத்தம், பின்பக்கம் சக்கரம் மட்கார்டில் உரசிக்கொண்டு நின்றது. மெயின் பட்டை, பட்டைகளைச் சேர்த்துக் கோக்கும் சென்டர் போல்ட் துளையிலேயே இரண்டாக முறிந்திருந்தது.

அதனால் சொல்கிறேன், தூரப் பயணம் போகிறவர்கள் விறைப்பாகவே வாங்குங்கள். பள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கினால் என்ன, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் போட்டால் வண்டி வந்துவிடும். பட்டை முறிந்தால் வராது.

சுத்தியல்

மலையேறி, நீங்கள் பட்ட கஷ்டம் புரிகிறது, ஆனால் பழியைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள். சென்டர் போல்ட் துளையில் முறிந்தால் முதல் சந்தேகம், கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் மேல்தான். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பட்டையின் நடுப்பகுதி வளையவே வளையாது. தளர்ந்தால்தான் அந்தத் துளை இருக்கும் இடம் வளையத் தொடங்கும், அங்கேதான் விரிசல் விழும். புதுக் கட்டு போட்டுக் கொஞ்சம் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கினீர்களா? பழைய யூ போல்ட்டையே போட்டுக் கொடுத்தார்களா?

பட்டை நேர்கோடானது வேறு கதை. அது பாரத்துக்கு ஏற்ற கட்டு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மலையேறி

யூ போல்ட் புதிதா பழையதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கடையில் மாட்டிக் கொடுத்தார்கள். மறுபடி முறுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பிறகு முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன், துளையைச் சுற்றி உரசிப் பளபளப்பாக இருக்கிறது. சரி, பாதி உங்களுக்கு. மீதிப் பாதி பாரம்தான், அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

ஒற்றைக்கியர்

என் வண்டி சுஸுகி சாமுராய். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்ததை மேலே மாற்றினேன். ஆக்சில் குழாயின் விட்டம், கட்டின் தடிமன் இரண்டும் சேர்ந்து உயரம் தானாகக் கிடைத்தது, கம்பெனிப் பட்டையே போதும். அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏற்றத்தில் முதல் கியரில் அழுத்தியபோது பின்பக்கம் தடதடவென்று அடித்தது. நண்பர் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்திருந்தார். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பட்டை 'எஸ்' வடிவில் நெளிகிறது, டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்புகிறது, சட்டென்று விழுகிறது. அடுத்த எழும்பலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் போய்விட்டது, வீடியோவில் அதுவும் இருக்கிறது. பட்டை மெதுவாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு அந்த வீடியோவைக் காட்டலாம்.

இரண்டாவது பட்டையும் மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்து வருகிற மாதிரி அடிக்கச் சொன்னேன். ஆக்சிலில் இருந்து முன்னால் சேஸிஸுக்கு ஒரு தாங்குதண்டும் போட்டேன். தண்டின் முன்முனையில் ஒரு சின்ன ஷேக்கிள் இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் ஏறி இறங்குவதையே அது தடுத்துவிடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே உயரமான பிளாக் வைத்தவர்களுக்கு இந்த நெளிவு இன்னும் மோசமாக வரும். முன் ஆக்சிலுக்கு பிளாக் வைக்கிறவர்களிடம் பேசி என்ன பயன், பிரேக் அடிக்கும்போது அது தெறித்தால் ஸ்டியரிங் யார் கையிலும் இருக்காது.

பழையவண்டி

என் கதை ஒரே வரி: குட்டையான தடி பட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகிக் கொடுத்தார்கள், அதன் நுனி முட்டுகிற இடத்தில் மேல் பட்டை முறிந்தது.

இனி ஆலோசனை. கூடுதல் பட்டை போடுவதானால் நீளமாகப் போடுங்கள், வளைவு படிப்படியாகப் பரவும். பழைய கட்டைக் குளிரிலேயே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதப்படுத்தினால்தான் நிற்கும். புதுப் பட்டை வாங்கும்போது, செய்தபின் முழுப் பாரம் கொடுத்து அழுத்திப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அழுத்தாமல் கொடுத்தால் உங்கள் வண்டியில் வந்து இறங்கும், நாலு அங்குலம் மூன்றாகும். பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்தால் ஈரத்துணி போட்டு மூடுங்கள். ஒரு பொறி விழுந்த இடம் போதும் விரிசல் தொடங்க. பட்டையோடு எர்த் கிளிப்பை மாட்டவே கூடாது. கண்ணுக்குள் ரப்பர் புஷ் போட்டிருந்தால் வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏறிய பிறகு கண் போல்ட்டை முறுக்குங்கள், தூக்கி வைத்திருக்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே இருந்து கிழியும். ஷாக் அப்சார்பர் நீளத்தையும் பாருங்கள். சக்கரம் முழுதும் தொங்கும்போது ஷாக் இழுபட்டு நின்றால், வாங்கிய பட்டையின் அசைவில் பாதி வீண். மேலே ஏறும்போது ஷாக் அடிமுட்டாமல் இருக்க பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

யாரும் கேட்கவில்லை, தெரியும்.

பின்அச்சு

சுத்தியல் அண்ணா, நான் உருவிய இரண்டும் கட்டிலேயே தடியானவை. இப்போது புரிகிறது. ஆனாலும் உருவியதால்தான் சரியானது!

கரடுமுரடு

அளந்துவிட்டேன். என் கட்டு: ஏழு பட்டை, எல்லாம் 8 மி.மீ. நண்பருடையது: நாலு பட்டை, 7 மி.மீ. நீளமும் அகலமும் ஒன்றுதான். சுத்தியல் சொன்னபடி பெருக்கினால் 3584, 1372. என்னுடையது 2.6 மடங்கு விறைப்பு.

இன்னொன்றும் செய்தோம். நண்பர் வண்டியின் பின் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, பாரம் முழுதும் இறங்கியதும் பட்டையின் வளைவு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தோம். ஏறக்குறைய 120 மி.மீ. எடை மேடையில் இரண்டு வண்டியின் பின்பாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சுத்தியல்

அப்படியானால் உங்கள் கட்டு அதே பாரத்துக்கு 46 மி.மீ. தான் இறங்கும். மீதி 74 மி.மீ. வண்டி மேலேயே நிற்கிறது. உங்கள் நாலு அங்குல லிஃப்ட்டில் ஏறக்குறைய மூன்று அங்குலம் வளைவால் வந்ததே இல்லை, பட்டை இறங்க மறுப்பதால் வந்தது. பள்ளத்தில் அது அசையாததற்கும் அதுவேதான் காரணம்.

ஆர்டரில் உயரத்தைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் பின் ஆக்சில் எடை, வெறும் வண்டிக்கு ஒன்று, பயணச் சாமான் ஏற்றி ஒன்று. அதில் ஆக்சில், சக்கரம், டயர் எடையைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு கட்டு தாங்க வேண்டிய பாரம். அந்தப் பாரத்தில் 100 முதல் 120 மி.மீ. இறங்கும்படி கேளுங்கள். மலையேறி மாதிரி சாமான் ஏற்றுவீர்கள் என்றால் அடியில் ஒரு நேரான தாங்கு பட்டை, வெறும் வண்டியில் தொடாமல், பாரம் ஏறினால் மட்டும் முட்டுகிற மாதிரி. டீசல் டேங்க் எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள், சில வண்டிக்கு இடது வலது கட்டு வேறு வேறாக அடிக்க வேண்டும்.

ஷேக்கிள்சாமி

சென்டர் போல்ட்டை விட்டுவிட்டீர்களே. அது நடுவில் இருக்காது, முன்பாதி ஒரு அளவு, பின்பாதி ஒரு அளவு. எனக்கு வந்த கட்டை மெக்கானிக் திருப்பி மாட்டி, சக்கரம் மட்கார்டின் முன் ஓரத்தில் போய் நின்றது.

சுத்தியல்

ஆமாம், அதையும் எழுதுங்கள். முன்கண்ணில் இருந்து சென்டர் போல்ட், அங்கிருந்து பின்கண், இரண்டையும் பட்டையின் வளைவோடு டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும், நேராகப் பிடித்து அளக்கக் கூடாது. கண்ணின் உள்விட்டம், புஷ் அகலம், யூ போல்ட் அகலம். பழைய கட்டைக் கழற்றுவதற்கு முன்பே மேல் பட்டையில் சாக்பீஸால் "முன்" என்று எழுதிவிடுங்கள்.